அய்யனாருக்கு ஒரு சிறுநீரகம்

ராஜபாளையம் கடைத்தெருவில் வெள்ளியில் கண் கிடைக்கும். கை கிடைக்கும், கால் கிடைக்கும். தொட்டிலும் குழந்தையும் கிடைக்கும். முழு உருவமே வேண்டுமென்றாலும் ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று தகட்டில் அடித்து வைத்திருப்பார்கள். சிறுநீரகம் மட்டும் கிடைக்காது. நாலு கடை ஏறி இறங்கி நான் தெரிந்துகொண்ட உண்மை இது.

"எது கேட்டீங்க?" என்றார் நாலாவது கடைக்காரர்.

"சிறுநீரகம்... கிட்னி."

அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "வயிறு இருக்கு. அதுக்குள்ளேதானே இதுவும் இருக்கு? வாங்கிட்டுப் போங்க" என்றார்.

நியாயமான பேச்சுத்தான். ஆனால் என் அக்காளிடம் அந்த நியாயம் செல்லுபடியாகாது. நேர்ந்துகொண்டபோது அவள் வயிறு என்று சொல்லவில்லையாம். 'எங்க வீட்டுக்காரர் கிட்னியைக் காப்பாத்திக் கொடு. அதே மாதிரி ஒண்ணு செய்து உன் வாசல்லே வைக்கிறேன்' என்று நீர் காத்த அய்யனாரிடம் சொல்லியிருக்கிறாள். நீரைக் காக்கிற சாமிக்குச் சிறுநீரும் அவர் இலாகாவைச் சேர்ந்ததுதானே என்பது அவள் கட்சி. அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

கடைசியில் ஒரு வேளாரைத் தேடிப் போனோம். அவரும் அதே கேள்வியைக் கேட்டார்: "அது எப்படிங்க இருக்கும்?"

"அவரைக்கொட்டை மாதிரி. நம்ம கை முஷ்டி அளவு இருக்கும்" என்று அக்காள் கையை மடக்கிக் காட்டினாள்.

வேளார் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார். கட்டை விரலால் நடுவில் ஓர் அழுத்து அழுத்தினார். தீர்ந்தது வேலை. பிறகு கேட்காமலே இன்னொன்றும் செய்தார். "மனுஷனுக்கு ரெண்டில்லே?" என்றார்.

சுட்டு எடுத்த அந்த இரண்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் நாலு பேர் அய்யனார் கோவிலுக்குப் புறப்பட்டோம். அத்தான், அக்காள், அவர்கள் மகள், நான். ராஜபாளையத்துக்கு மேற்கே, ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தாண்டி, மலை ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது கோவில். பக்கத்திலேயே ஆறு. மழைக் காலத்தில் மலையில் எங்கோ பெய்கிற மழை இங்கே திடீரென்று வெள்ளமாக வந்துவிடும். கோவிலுக்குப் போனவர்கள் அக்கரையிலேயே மாட்டிக்கொள்வதும் உண்டு. நாங்கள் போன அன்று தண்ணீர் கணுக்கால் அளவுதான். வெயில்கூட இதமாகத்தான் இருந்தது.

அத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வியாபாரம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் தறி போடுகிற வெள்ளைத் துணி, கண்டவர் கேட்டவர் காயத்தையெல்லாம் கட்டப் போகிறது. முப்பது வருஷம் அந்தத் துணியோடு புழங்கியும் தம் உடம்பில் ஒரு முழம் சுற்றிக்கொண்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சர்க்கரை மட்டும் உண்டு. அதையும் வியாதியாக அவர் ஒப்புக்கொண்டதில்லை; ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் மேல் பழி போடுவார்.

2021 மே மாதம் அவருக்குக் கொரோனா வந்தது. மூச்சுத் திணறலுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சர்க்கரை எங்கேயோ ஏறிற்று. காய்ச்சல் விட்டு, பிழைத்தார் என்று நாங்கள் பெருமூச்சு விட்ட நாலாம் நாள், இடது கண்ணுக்குக் கீழே வலிக்கிறது என்றார். முகம் வீங்கிற்று. கறுப்புப் பூஞ்சை. எந்த ஆஸ்பத்திரியில் கண்டாலும் அரசாங்கத்துக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய் என்று அந்த மாதத்தில்தான் தமிழக அரசு அறிவித்திருந்தது. ஜூன் முடிவதற்குள் இந்தியா முழுவதும் 40,000 பேருக்கு மேல் இது கண்டுவிட்டது.

அதற்கு மருந்து ஆம்போடெரிசின். தென் அமெரிக்காவில் ஒரினோகோ நதிக் கரை மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்து, 1950களின் கடைசியில் வைத்தியத்துக்கு வந்தது. பூஞ்சைக்கு எமன், ஆனால் சிறுநீரகத்துக்கும் அரை எமன். அதனால் பிற்பாடு அதையே வேறு விதமாகச் செய்தார்கள். கொழுப்பினால் ஆன மிகமிக நுண்ணிய குமிழிகளில் மருந்தை ஏற்றி உடம்புக்குள் அனுப்புவது. ஒரு மீட்டரை நூறு கோடி துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு ஒரு நானோ மீட்டர். இந்தக் குமிழி ஒன்று நூறு நானோ மீட்டர்கூட இராது. ஆயிரம் குமிழிகளை வரிசையாக நிறுத்தினால்தான் நம் தலைமயிரின் கனம் வரும். குமிழிக்குள் இருக்கிற வரையில் மருந்து சிறுநீரகத்தை அதிகம் சீண்டாது.

டாக்டர் எங்களிடம் கேட்டது அந்தக் குமிழி மருந்துதான். கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம். அறுபது கிலோ மனிதருக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். 50 மில்லிகிராம் குப்பியில் ஆறு. வாரக்கணக்கில் தினமும் ஆறு! நாடே அலைந்துகொண்டிருந்த மருந்து அது. மதுரை, சென்னை, கொச்சி, ஹைதராபாத் என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் டெலிபோனில் தொல்லைப்படுத்தினேன். என் நாவலைப் படித்தவர் என்று சொல்லிக்கொண்ட ஒரு மருந்துக் கம்பெனி மானேஜரிடம் வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். அவர் நாவலைப் பற்றி ரொம்ப நேரம் நன்றாகப் பேசினார். மருந்து இல்லை.

இரண்டாம் நாள் மாலை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "காத்திருந்தால் கண் போகும், அதற்கப்புறம் மூளை. பழைய மருந்து கைவசம் இருக்கிறது. சிறுநீரகம் அடிபடலாம். ஆரம்பிக்கட்டுமா?" என்றார். அக்காள் அப்போது கொரோனாவோடு வேறு வார்டில் கிடந்தாள். மகள் வெளியூரில். நான்தான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கண் பிழைத்தது. சிறுநீரகம் பாதி போயிற்று. மஞ்சள் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறபோது கட்டில் குலுங்க அவர் நடுங்கியதையும், காலையில் தாதி கிரியாட்டினின் எண்ணைச் சொல்கிறபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் நான் இதுவரையில் எந்தக் கதையிலும் எழுதவில்லை. இனியும் எழுத மாட்டேன். பிற்பாடு எண் மெல்ல இறங்கி ஓர் இடத்தில் நின்றது. டயாலிசிஸ் வரையில் போகவில்லை. உப்பு, தண்ணீர் எல்லாம் அளவு. அத்தான் அந்தக் கையெழுத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்திருக்கும்போது, மருமகள் மஞ்சள் பையைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மாமா, நாங்க மாசக்கணக்கிலே உயிரை விட்டுச் செய்யறதை வேளார் பத்து நிமிஷத்திலே முடிச்சிட்டாரே!"

அவளுக்கு வெளியூரில் ஓர் ஆராய்ச்சிச் சாலையில் உத்தியோகம். என்ன ஆராய்ச்சி என்று வீட்டில் கேட்டால் 'செல்' என்பாள். நாங்களும் டெலிபோன் சம்பந்தப்பட்டதாக்கும் என்று இருந்துவிட்டோம். அன்றைக்குத்தான் விவரமாகச் சொன்னாள். மனிதனின் சின்னஞ்சிறு உறுப்பு வளர்ப்பதுதான் அவள் வேலையாம். கடுகு அளவில் ஒரு சிறுநீரகம், மிளகு அளவில் ஒரு மூளை. நானோ மருந்துகளை முதலில் அவற்றின் மேல் விட்டுப் பார்ப்பது.

"யார் செதுக்குகிறார்கள்?" என்று கேட்டேன். கதைக்காரனுக்கு அந்த நினைப்புத்தானே வரும்?

"யாரும் செதுக்கறதில்லே மாமா. முளைப்பாரி மாதிரிதான். நல்ல விதையா எடுத்து, இதமான சூட்டிலே வைச்சு, வேளாவேளைக்குச் சத்து ஊத்தினா, செல்லே ஒண்ணோடொண்ணு சேர்ந்து, நீ குழாய் ஆயிடு, நான் வடிகட்டி ஆயிடறேன்னு தானாப் பிரிஞ்சுக்கும்."

விதை எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. 2006-இல் ஜப்பானில் ஷின்யா யமனாகா என்ற விஞ்ஞானி, எலியின் சாதாரணத் தோல் செல்லைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பிக் காட்டினார். மறு வருஷமே மனிதத் தோலிலும் அது பலித்தது. தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த செல் மறுபடி குழந்தையாகிவிட்டால், பிறகு அதை எந்த உறுப்பாகவும் வளர்க்கலாம். 2009-இல் ஹாலந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸும் தோஷிரோ சாட்டோவும், குடலில் இருக்கும் மூலச் செல் ஒன்றே ஒன்றிலிருந்து குட்டிக் குடல் வளர்த்தார்கள். 2013-இல் வியன்னாவில் குட்டி மூளை. 2015-இல் ஆஸ்திரேலியாவில் குட்டிச் சிறுநீரகம். அதன் மேல் சிஸ்பிளாட்டின் என்கிற புற்றுநோய் மருந்தை விட்டார்கள். நோயாளிகளின் சிறுநீரகத்தில் எந்த இடத்தை அது கெடுக்குமோ, குட்டியிலும் அந்தக் குழாய்களில்தான் செல்கள் செத்தன.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.க்காரர்கள் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யோடு சேர்ந்து, பல் வைத்தியத்தில் உபயோகிக்கிற ஒரு வகைப் பிசினில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளர்ப்புப் பெட்டியை அச்சிட்டார்கள். விலை சுமார் ஐந்து டாலர். அதில் குட்டி மூளை வளர வளர, எடுக்காமல் தொடாமல் மைக்ராஸ்கோப்பில் ஏழு நாள் பார்த்தார்கள். அந்தக் கட்டுரை வெளிவந்தது 2021 ஏப்ரலில். அடுத்த மாதம் நான் மருந்துக்காக டெலிபோனோடு அலைந்துகொண்டிருந்தேன்.

"இத்தனை நாள் எலி, முயல், நாய்க்குத்தானே போட்டுப் பார்த்தாங்க? அதுக்கு என்ன குறைச்சல்?" என்றார் அத்தான். அவர் வீட்டில் ராஜபாளையம் நாய் ஒன்று உண்டு. வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் ரோஜா நிறத்தில், மிகுந்த கர்வி.

"நம்ம நாய்க்குச் சர்க்கரைப் பொங்கல்லே இருக்கிற உலர்ந்த திராட்சையைப் போடாதீங்கன்னு நான் சண்டை போடுவேனே, ஏன்? திராட்சை நாயோட கிட்னியைக் கெடுத்திடும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. நாய்கிட்டே சோதிச்சிருந்தா திராட்சை விஷம்னு எழுதி வைச்சிருப்பாங்க."

மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2006-இல் லண்டனில் ஒரு புது மருந்தை ஆறு பேருக்கு ஊசி போட்டார்கள். குரங்குகள் தாங்கிக்கொண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் போட்டார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயல் இழந்தன. நல்ல வேளை, உயிர் போகவில்லை. நானோ மருந்தின் விஷயத்தில் எலி இன்னும் கொஞ்சம் ஏமாற்றுக்காரன் போலிருக்கிறது. எலிக்கு வைக்கிற கட்டி வேகமாக வளர்வதால் அதன் ரத்தக் குழாய்களில் ஓட்டை அதிகம். துகள் சுலபமாகக் கசிந்து உள்ளே போய்விடும். மனிதனுடைய கட்டி அவ்வளவு தாராளம் இல்லை. அந்த எலிகளிடத்திலேயே ஊசியில் போட்ட துகள்களில் எத்தனை கட்டிக்குப் போய்ச் சேருகின்றன என்று பத்து வருஷத்து ஆராய்ச்சிகளைக் கூட்டிப் பார்த்து, 2016-இல் கனடாவில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆயிரத்துக்கு ஏழு!

"அப்போ உன் கடுகு சரியாச் சொல்லிடுமா?" என்றார் அத்தான்.

மருமகள் உடனே தலையாட்டிவிடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"எல்லாம் சொல்லாதுப்பா. அதிலே ரத்த ஓட்டம் கிடையாது. பெரிசா வளர்ந்தா நடுவிலே சத்துப் போகாமச் செத்திடும். பிறந்த குழந்தைக்கு இருக்கிற முதிர்ச்சிகூட அதுக்கு இல்லே. கர்ப்பத்திலே முதல் மூணு மாசத்துச் சிசுவுக்கு இருக்கிற மாதிரிதான். நான் தண்ணியிலே மருந்தைக் கலந்தா நாலு பக்கத்திலிருந்தும் அதை நனைச்சிடும். உடம்பிலே அப்படியா? துகள் ரத்தத்திலே குதிச்ச நிமிஷமே ரத்தத்திலே இருக்கிற புரதமெல்லாம் அது மேலே சட்டை மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் கல்லீரல் வழிமறிச்சுப் பாதியை விழுங்கிடும்."

ஆகவே இன்னொரு உபாயமும் செய்திருக்கிறார்கள். உறுப்பின் செல்களை ஒரு சின்னக் கண்ணாடி போன்ற சில்லில் வைத்து, பக்கத்தில் வாய்க்கால் வெட்டித் திரவம் ஓட விடுவது. 2010-இல் ஹார்வர்டில் டொனால்ட் இங்பர் குழுவினர் இப்படி ஒரு நுரையீரல் செய்து, அது மூச்சு விடுகிற மாதிரி இழுத்து இழுத்து விட்டார்கள். சிலிக்கா நானோ துகளை அதன் மேல் போட்டபோது ஒரு விசித்திரம்: மூச்சு நிறுத்தியிருக்கும்போது அவ்வளவாகக் கெடுதல் இல்லை. மூச்சு விட ஆரம்பித்ததும் துகள் அதிகமாக உள்ளே புகுந்தது, அழற்சியும் அதிகம். அசையாமல் கிடக்கிற செல்லிடம் கேட்டிருந்தால் தெரிந்தே இராது. மண்ணில் பிடித்து வைத்த உறுப்புக்கும் உயிருள்ள உறுப்புக்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று நான் அப்போதுதான் யோசித்தேன்.

அதுவரை பேசாமல் பூவைத் தொடுத்துக்கொண்டிருந்த அக்காள் சட்டென்று, "அந்தக் கொழுப்பு மருந்து கொழுக்கட்டை மாதிரியாடி? உள்ளே பூரணமா?" என்று கேட்டாள்.

"இல்லேம்மா. இதிலே பூரணம் நடுவிலே இல்லை. மேல் மாவிலேயே மருந்தைச் சேர்த்துப் பிசைஞ்சிருக்கு."

"அப்படிச் சொல்லு" என்றாள் அக்காள், வெகு நாள் சந்தேகம் தீர்ந்தவள் போல.

நான் நெடுநாளாகக் கேட்க நினைத்து, டெலிபோனில் கேட்க மனம் வராமல் வைத்திருந்த கேள்வியை அப்போது கேட்டேன். "அம்மா, உங்கள் கடுகுச் சிறுநீரகம் 2021-இல் நம்மிடம் இருந்திருந்தால்? அப்பாவுக்கு அந்த மருந்து ஆகாது என்று முன்னாடியே சொல்லியிருக்குமா?"

அவள் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கும் மாமா. ஆனா அதை வளர்க்கவே வாரக்கணக்கிலே ஆகும். அப்பாவுக்கு இருந்தது ரெண்டு நாள். அதோட..." என்று தயங்கினாள். "அதைக் கடுகு சொல்லித்தான் தெரியணும்னு இல்லையே. பழைய மருந்து கிட்னியைக் கடிக்கும்னு அறுபது வருஷமா எல்லா டாக்டருக்கும் தெரியும். அதனாலேதானே புதுசு செஞ்சாங்க? பீகார்லே கறுப்புக் காய்ச்சல்காரங்களுக்கு அதே குமிழி மருந்தை ஒரே ஒரு தடவை ஏத்திக் குணப்படுத்தலாம்னு 2010-லேயே காட்டியாச்சு. 2014-லே அரசாங்கத் திட்டத்திலேயே சேர்த்தாச்சு. நமக்கு அன்னைக்குத் தெரியாம இருந்தது ஒண்ணுமில்லே மாமா. குப்பி இல்லே. அவ்வளவுதான்."

எனக்கு ஆறுதலாக இருந்ததா, கோபமாக இருந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அறியாமையின் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். அந்த வசதியையும் இந்தப் பெண் பறித்துக்கொண்டுவிட்டாள். "அப்படியானால் உன் ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்டேன். கேட்ட விதம் கொஞ்சம் கடுமைதான்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அடுத்த மருந்துக்கு மாமா" என்றாள். ஒரு நானோ மருந்தை நூறு தினுசாகச் செய்யலாமாம். குமிழி கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் சிறிசு, மேல் பூச்சு இப்படி, மின்சாரம் அப்படி. ஒவ்வொன்றும் உடம்பில் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். நூறையும் நூறு நாயிடமும் பார்க்க முடியாது. மனிதரிடம் நினைக்கவே கூடாது. பணியாரக் கல் மாதிரி 96 குழி உள்ள ஒரு தட்டில் குழிக்கு ஒரு குட்டிச் சிறுநீரகம் வைத்தால் ஒரே ஈட்டில் 96 தினுசையும் பார்த்துக் கழித்துவிடலாம். சர்க்கரைக்காரர் செல், வயசானவர் செல் என்று தனித்தனியாகவும் வைக்கலாம். ஏனென்றால் மருந்துச் சோதனைக்கு வாலிபனும் ஆரோக்கியசாலியுமாகப் பார்த்துத்தான் முதலில் சேர்க்கிறார்கள். வியாதியோ அத்தான் மாதிரி ஆளைத் தேடி வருகிறது. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் சட்டத்தையே மாற்றி, மிருகங்களுக்குப் பதில் இந்த வழியும் செல்லும் என்றார்கள். 2023 மார்ச்சில் நம் நாட்டிலும் புது மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி இதற்கு இடம் கொடுத்தார்கள். குப்பி எல்லோருக்கும் கிடைக்க எந்த விதியைத் திருத்துவது என்று நான் கேட்கவில்லை. அது அவளுடைய இலாகா அல்ல.

பூசாரி வந்து கூப்பிட்டார். அக்காள் மஞ்சள் பையை நீட்டினாள். அவர் இரண்டையும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது என்ன, மாங்காயா?" என்றார். அக்காள் விளக்கினாள். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அப்படியா" என்று சொல்லி, திருநீறு பூசி, சந்நிதிக்கு வெளியே நிழலாக ஓர் இடம் பார்த்து வைத்தார். பக்கத்தில் சூடம் கொளுத்தினார். மலைக் காற்றில் அது இரண்டு தடவை அணைந்து மூன்றாம் தடவை பிடித்தது.

அத்தான் கண்ணை மூடிக் கும்பிட்டார். பிழைத்த கண்ணையும் சேர்த்துத்தான்.

திரும்பி வரும்போது ஆற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். நடு ஆற்றில் அத்தான் நின்றார்.

"ஏம்மா, என் ரத்தத்திலேயிருந்து அந்தக் கடுகு வளர்க்க முடியுமா?"

"முடியும்ப்பா. ஆனா எங்க லாபுக்குச் சொந்தக்காரங்க ரத்தம் எடுக்கிறது சரியில்லே. வேற இடத்திலே கொடுக்கலாம். கமிட்டி இருக்கு. உங்க ரத்தத்தை எதுக்கு உபயோகிக்கிறோம்னு படிச்சுக் காட்டுவாங்க. இஷ்டப்பட்டு நீங்க கையெழுத்துப் போடணும்."

"எனக்கு இனிமே அதனாலே லாபம் இல்லேல்லே?"

"இல்லேப்பா."

"சரி, எங்கேன்னு கேட்டுச் சொல்லு" என்றார் அத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு எனக்காக மாப்பிள்ளை ஒண்ணு போட்டாரு. இதை நானே போட்டுக்கிடறேன்" என்றார். சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த கல்லுக்குக் காலை வைத்தார். பாசி வழுக்கிற்று. நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.